பகுதி வலிப்பும் அதன் குறியெண்ணும்

வலிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மிற் பலருடைய மனக்கண்முன் எழும் காட்சி ஒன்றே. ஒருவர் நின்ற இடத்திலேயே விழுகிறார்; கைகால்கள் உதறுகின்றன; வாயில் நுரை தள்ளுகிறது; சுற்றியிருப்பவர் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகின்றனர். ஆனால் வலிப்பின் பல வடிவங்களுள் இஃது ஒன்றுதான். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தி, ஓரிடத்தையே வெறித்து நோக்கி, உதடுகளைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, இரண்டொரு நிமிடங்கழித்து நடந்தது எதுவும் அறியாதவராய் மீள்வதும் வலிப்பாக இருக்கலாம். ஒரு கையின் விரல்கள் மட்டும் தாமாகவே துடித்து அடங்குவதும் வலிப்பாக இருக்கலாம். இத்தகையவற்றை மருத்துவர்கள் பகுதி வலிப்பு என்பர்.

இப்பொருளைப் பற்றிப் பேச நாம் மருத்துவர் அல்லோம். தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர். வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் புரியாத காகிதம் ஒன்று கைக்கு வந்தால், அறிந்தவர் எவரேனும் உண்டா என்று தேடுவது இயல்பு. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு ஓர் அன்பர் நம்மிடம் வந்தார். அவருடைய மனைவி வீட்டில் வலிப்பு வந்து விழுந்து, மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பியிருந்தார். குடும்பத்துக்குக் காப்பீடு எடுத்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. எனினும் பணம் வரவில்லை, கடிதம் வந்தது. நோய் இன்னதென்று தெளிவாக இல்லை, அஃது எப்போது தொடங்கியது என்ற குறிப்பும் இல்லை, விளக்கம் தருக என்பது அதன் சாரம். மருத்துவமனை கொடுத்த குறிப்பில், வகை குறிக்கப்படாத வலிப்பு என்ற பொருள்படும் ஒரே வரியும், அதன் பக்கத்தில் ஆர் 56.8 என்ற குறியெண்ணும் இருந்தன. அந்தக் குறியெண்ணின் பொருளைத் தேடப் புகுந்தபோது நாம் அறிந்துகொண்டவற்றையே இங்கே கூறுகிறோம்.

முதலில் நோயைப் பார்ப்போம். மூளையிலுள்ள நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின்னோட்டத்தால் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் அணுக்கள் ஒழுங்கு தவறி, ஒரே சமயத்தில் மிகுதியாக மின்துடிப்பை வெளியிடுமானால் வலிப்பு உண்டாகிறது. இத்துடிப்பு தொடக்கத்திலேயே மூளையின் இரு பாதிகளையும் பற்றினால் அது பொது வலிப்பு. ஒரு பாதியில், ஓரிடத்தில் தொடங்கினால் அது பகுதி வலிப்பு. தொடங்கும் இடம் எந்த வேலைக்கு உரியதோ அந்த வேலையே பிறழ்கிறது. கையை இயக்கும் இடமாயின் கை துடிக்கும். பார்வைக்குரிய இடமாயின் ஒளிப்புள்ளிகள் தோன்றும். பொட்டுப் பக்கத்து மூளையாயின் அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவது போன்ற உணர்வோ, காரணமற்ற அச்சமோ, முன்பே கண்ட காட்சியை மீண்டும் காண்பது போன்ற மயக்கமோ வரலாம்.

இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தவருள் தலைசிறந்தவர் இங்கிலாந்தின் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர். சிலருக்கு வலிப்பு கட்டைவிரலில் தொடங்கிக் கைக்கும், பின்னர் முகத்துக்கும் படிப்படியாக ஏறிச் செல்வதை அவர் பொறுமையுடன் கவனித்து 1870ஆம் ஆண்டில் எழுதினார். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. கருவியோ, எம்.ஆர்.ஐ. படமோ அவரிடம் இல்லை. ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்பதிவை வெளியிட்டது 1929ஆம் ஆண்டில்தான். ஜாக்சனிடம் இருந்தவை கூர்ந்து பார்க்கும் கண்ணும், பார்த்தவர் சொல்வதைக் கேட்கும் காதுமே. இன்றும் வலிப்பின் வகையை அறிவதற்கு முதற்கருவி அதுவே. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் ஈ.ஈ.ஜி. பதிவு பழுதின்றித் தோன்றுவதும் உண்டு.

பகுதி வலிப்பைப் பாகுபடுத்தும்போது மருத்துவர் கேட்கும் தலையாய கேள்வி, நினைவு இருந்ததா என்பது. நினைவு மாறாமல் வருவது ஒருவகை; நினைவு மங்கி வருவது மற்றொருவகை. ஓரிடத்தில் தொடங்கிப் பின்னர் இருபுறமும் பரவி உடல் முழுவதும் உதறச் செய்வது மூன்றாவது. இம்மூன்றாவதுதான் பலரையும் ஏமாற்றுவது. விழுந்தபின் ஓடி வந்தவர் கண்டது பொது வலிப்பைப் போன்றே இருக்கும். விழுவதற்கு முந்திய அரை நிமிடத்தைக் கண்டவரே அது பகுதி வலிப்பு என்பதற்குச் சாட்சி. இதனால் மருந்தே வேறுபடக்கூடும். பகுதி வலிப்புக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கார்பமசபின் என்ற மருந்து, பொது வலிப்பில் சில வகைகளை அதிகப்படுத்தக்கூடியது.

நம் நாட்டில் இவ்வேறுபாட்டுக்கு மற்றொரு முக்கியமும் உண்டு. பகுதி வலிப்பு வருமானால் மூளையின் அவ்விடத்தில் தழும்போ, கட்டியோ, தொற்றோ உண்டா என்று தேட வேண்டும். இந்தியாவில் அடிக்கடி காணப்படும் காரணங்களுள் ஒன்று, பன்றி நாடாப்புழுவின் முட்டை உடலுட் புகுந்து அதன் இளம்புழு மூளையில் தங்குவது. அசுத்தமான கை, நீர், கழுவாத காய்கறி ஆகியவற்றின் வழியே முட்டை வருவதால், மரக்கறி உணவினருக்கும் இது வரும்.

இனிக் குறியெண்ணுக்கு வருவோம். உலகெங்கும் நோய்களை ஒரே முறையில் எண்ணிக் கணக்கிட வேண்டும் என்ற எண்ணம் பழையது. ஜாக் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலார் 1893ஆம் ஆண்டில் சிகாகோ மாநாட்டில் அளித்த மரணக் காரணப் பட்டியலே அதற்கு மூலம். 1948ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அப்பணியை ஏற்றபோது, மரணத்தோடு நோய்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அதன் பத்தாம் திருத்தம் 1990ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது, அதுவே ஐ.சி.டி. 10 எனப்படுவது. பதினோராம் திருத்தம் 2019ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு உரியதாயிற்று. எனினும் நம் நாட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தில், மருத்துவமனை நிரப்பும் பகுதியிலுள்ள கட்டங்கள் ஐ.சி.டி. 10 குறியெண்ணுக்கு உரியவை.

அந்நூலில் கால்கை வலிப்பு நோய்க்கு ஜி 40 என்பது எண். புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் வகையைக் காட்டும். நினைவு மாறாத பகுதி வலிப்புகளையுடைய நோய்க்கு ஜி 40.1, நினைவு மங்கும் பகுதி வலிப்புகளையுடைய நோய்க்கு ஜி 40.2, வகை கூறப்படாதபோது ஜி 40.9. நினைவோடு தொடங்கிப் பின்னர் உடல் முழுவதும் பரவுவது ஜி 40.1இலேயே அடங்கும். மூளையில் தங்கும் நாடாப்புழு நோய்க்கு பி 69.0 என்று தனியெண் உண்டு. நாம் முன்னே கண்ட ஆர் 56.8 நோயின் பெயரன்று. அது வெறும் அறிகுறியின் பெயர். வலிப்பு வந்தது, அது எதனால், எவ்வகை என்பது தெரியவில்லை என்பதே அதன் பொருள். ஒரே முறை வலிப்பு வந்து காரணம் புலப்படாதபோது அவ்வெண்ணை இடுவது பிழையுமன்று. காய்ச்சலாலோ சர்க்கரைக் குறைவாலோ ஒருமுறை வலிப்பு வந்தவரெல்லாம் கால்கை வலிப்பு நோயாளர் ஆகார்.

குறியெண் இடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. மருத்துவர் எழுதியதைப் பார்க்கிறார். எழுதாத ஒன்றை ஊகித்து எண்ணிட அவருக்கு உரிமையில்லை. மருத்துவர் ‘வலிப்பு’ என்று மட்டும் எழுதினால் அவர் இடக்கூடிய எண்ணும் அவ்வளவே. காப்பீட்டு நிறுவனமோ அவ்வெண்ணையும் குறிப்பையும் ஒப்பிட்டு, நோய் காப்பீட்டுக்கு உட்பட்டதா, முன்பே இருந்ததா என்று முடிவு செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நமக்கு இது நன்கு விளங்கியது. கண்டது சொல்லாகிறது, சொல் மருத்துவக் குறிப்பாகிறது, குறிப்பு எண்ணாகிறது. இம்மூன்று பெயர்ப்புகளுள் முதலாவதில் விட்டுப்போனதைக் கடைசியில் எவராலும் சேர்க்க இயலாது.

அன்பரின் வீட்டில் விட்டுப்போனது எது? வலிப்பு வந்தபோது உடனிருந்தவர் அவருடைய தாயார் ஒருவரே. மருத்துவமனையில் இந்தியில் பேசியவர் மகன். அவர் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தவர். விழுந்து கிடந்ததையே கண்டவர். மறுபரிசோதனைக்குச் செல்லும் நாளில் அம்மையாரும் நாமும் உடன் சென்றோம். மருத்துவர் கேட்க, நாம் தமிழில் வினவினோம். “இடக்கை விரல்தான் தம்பி முதலில் துடித்தது. அப்புறம் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. என்னம்மா என்றேன், ஒன்றுமில்லை அத்தை என்றாள். அதற்குப் பிறகுதான் விழுந்தாள். போன மாதமும் இரண்டு தடவை விரல் இப்படித் துடித்தது” என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று மகன் கேட்டார். “என்னை யார் கேட்டார்கள்?” என்றார் அம்மையார்.

மருத்துவர் எழுதுகோலை எடுத்தார். வலப்பக்க மூளையில் தொடங்கிய பகுதி வலிப்பு, நினைவோடு தொடங்கிப் பரவியது, முந்திய மாதத்தில் ஆரம்பம் என்று கூடுதற்குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டார். எண் ஜி 40.1 ஆயிற்று, படமும் எடுக்கப்பட்டது, மருந்தும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அக்குறிப்பை அனுப்பியபின் காப்பீட்டுப் பணமும் வந்து சேர்ந்தது.

ஆதலால், வலிப்பைக் காண நேர்ந்தவர் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டும். எந்தப் பக்கம், எவ்வுறுப்பு முதலில் அசைந்தது? கண்ணும் தலையும் எப்பக்கம் திரும்பின? கூப்பிட்டபோது விடை வந்ததா? எத்தனை நிமிடம் நீடித்தது? தெளிந்தபின் பேச்சுத் தடுமாறியதா, ஒரு கை சோர்ந்ததா? கைத்தொலைபேசியில் ஒரு நிமிடக் காட்சி எடுக்க முடிந்தால் அது மொழி கடந்த சாட்சியாகும். ஆனால் முதல் கடமை நோயாளியைக் காப்பது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டா. கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. நினைவு மங்கி நடப்பவரை இறுகப் பிடிக்காமல், நெருப்பு, நீர், வீதி ஆகியவற்றிலிருந்து மெல்ல விலக்குங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தாமதியாது 112 அல்லது 108 எண்ணை அழையுங்கள்.

வீடு திரும்பும் நாளில் மருத்துவக் குறிப்பை வாங்கியவுடன் படித்துப் பாருங்கள். வலிப்பின் வகை, தொடங்கிய காலம், காரணம் ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்குமாறு மருத்துவரை வேண்டலாம். உண்மைக்கு மாறாக எண்ணை மாற்றும்படி வேண்டலாகாது. அவ்வாறு கேட்கத் தூண்டும் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2019ஆம் ஆண்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், முன்பே உள்ள நோய்களுள் நிரந்தரமாக விலக்கத்தக்கவை என வெளியிட்ட பட்டியலில் ஜி 40 இடம்பெற்றிருந்தது. ஆயினும் மறைத்த செய்தி பின்னர் வெளிப்படின் உள்ள காப்பீடும் வீணாகும். நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், ஒரு மாதத்துள் தக்க விடை கிடையாவிடின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். பின்னவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை.

கால்கை வலிப்பு வெட்கப்படத்தக்க நோயன்று. இந்து திருமணச் சட்டத்தில் அதனைத் தடையாகக் கூறியிருந்த சொல்லே 1999ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. மருந்தை ஒழுங்காக உட்கொள்வோருள் பெரும்பாலோர் வலிப்பின்றி வாழ்கின்றனர். அதற்கு வேண்டுவது சரியான மருந்து. சரியான மருந்துக்கு வேண்டுவது சரியான குறிப்பு. வேற்றூரில் மருத்துவரைக் காணச் செல்லும்போது, மொழி அறிந்தவரை மட்டுமின்றி, வலிப்பைக் கண்ணாற் கண்டவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் தமிழிலேயே சொல்லட்டும். பெயர்த்துரைக்க ஒருவர் கிடைப்பார்.