சட்டை உரித்தல் – 11: வேலூர் வெயிலும் ஒரு டின் ரிமூவரும்

செட்டிநாட்டுத் தேக்குக் கதவு வீடு வந்து சேர்ந்த கதை முடிந்தது. பச்சை எனாமலுக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் காவி என்று அடுக்கு எண்ணியதும் முடிந்தது. நம் நாட்டில் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற கட்டுப்பாடு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் பழைய பூச்சு என்றாலே ஈயம் இருப்பதாக வைத்துக்கொண்டு, உப்புத்தாளையும் ஹீட் கன்னையும் தள்ளி வையுங்கள் என்றேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளவும்.

எந்தப் பூச்சுக்கு எந்த ரிமூவர் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்கு. எழுத உட்கார்ந்தால் ஓர் எண் வழிமறித்துக்கொண்டு நிற்கிறது: 39.6.

ஹார்டுவேர் கடையில் ‘பெயின்ட் ரிமூவர்’ கேட்டால் எடுத்துத் தருகிற டின்னில் பெரும்பாலும் பிரதானச் சரக்கு மெத்திலீன் குளோரைடு. அது கொதிக்கும் வெப்பநிலை 39.6 டிகிரி. கத்திரியில் வேலூர்க்காரர்கள் இதைவிட அதிக வெப்பத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்! வெயிலில் கிடந்த டின்னின் மூடியை நெம்பினால் புஸ்ஸென்று முகத்தில் பீய்ச்சும். நிழலில் ஆறவிட்டு, மேலே துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.

பொருட்காட்சியில் தலையை ஆட்டி ஆட்டி டம்ளர் தண்ணீரில் மூக்கை நனைக்கும் கண்ணாடிப் பறவை பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். அதன் வயிற்றில் இருக்கும் கலர்த் திரவமும் வழக்கமாக இதே மெத்திலீன் குளோரைடுதான். நனைந்த தலை ஒரு துளி குளிர்ந்தால் போதும், உள்ளே ஆவியின் அழுத்தம் குறைந்து திரவம் கழுத்து வழியாக மேலே ஏறிவிடும். மைல்ஸ் சல்லிவன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1946இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். காபிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுக்கவும் இந்தத் திரவத்தைப் பயன்படுத்துவது உண்டு. பிரித்த பிறகு ஆவியாக்கி விரட்டிவிடுவது எளிது. எச்சம் 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. கும்பகோணம் டிகிரி காபிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

சரி, கதவுக்கு வருவோம். இவ்வளவு சீக்கிரம் ஆவியாகிற திரவம் பெயின்டின் மேல் எப்படிக் கால் மணி நேரம் நிற்கிறது? இங்கேதான் ரிமூவர் தயாரித்தவர்களின் மூளை. டின்னுக்குள் கொஞ்சம் பாரஃபின் மெழுகைக் கரைத்து வைக்கிறார்கள். கதவில் பூசியதும் மேற்பரப்பிலிருந்து திரவம் ஆவியாகக் கிளம்புகிறது. கிளம்பும்போதே மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த திரவத்தில் மெழுகு கரைந்திருக்க முடியாது. மெல்லிய ஆடையாக மேலே படிந்து மூடிக்கொள்கிறது. தப்பிக்கப் பார்த்த திரவம் தன்னைத் தானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறது. பூட்டிய பிறகு அது போகக்கூடிய ஒரே வழி கீழே, பெயின்டுக்குள். நுழைந்து, பூச்சை உப்ப வைக்கிறது. உப்பிய பூச்சுக்கு மரத்தின் மேல் இடம் போதாமல் சுருக்கம் சுருக்கமாக எழுந்து நிற்கும். எனாமல், வார்னிஷ், பாலியூரித்தேன் என்று அது பார்ப்பதில்லை.

ஆகவே ரிமூவரைப் பெயின்ட் அடிப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. பிரஷ் நிறைய எடுத்து, ஒரே திசையில், கனமாகப் படியவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். திரும்ப ஓர் இழுப்பு இழுத்தால் மெழுகாடை கிழியும். கிழிந்த இடம் காய்ந்து, பெயின்ட் அப்படியே நிற்கும். சுருங்கியதை மழுங்கலான பட்டி பிளேடால் வழித்தெடுக்கலாம். பூவேலை இடுக்குகளுக்கு மூங்கில் குச்சியும் தேங்காய் நாரும். இரும்புக் கம்பளி வேண்டாம். தேக்கில் தங்கிய துணுக்கு ஈரம் பட்டால் கறுப்புப் புள்ளியாகிவிடும். வழித்த சேற்றில் ஈயம் இருக்கும், வாய்க்காலில் கொட்டாதீர்கள். கடைசியில் டர்பன்டைன் தொட்ட துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். காவல் காத்த மெழுகு மரத்தில் தங்கினால் பாலிஷ் பிடிக்காது. பாலிஷ் திட்டுத் திட்டாக நிற்கிறது என்று பலர் சரக்கைத் திட்டுவதற்குக் காரணம் இந்த மெழுகுதான்.

இவ்வளவு கெட்டிக்காரத் திரவத்தை ஏன் அமெரிக்கா 2019இல் சில்லறைக் கடைகளின் ரிமூவரிலிருந்து விலக்கியது? ஐரோப்பா ஏன் அதற்கும் முன்னால் விலக்கியது?

காரணம் மறுபடியும் அதே 39.6. ஆவியானது மூக்குக்குள் போகிறது. மில்வாக்கியில் ரிச்சர்டு ஸ்டூவர்ட் குழுவினர் 1972இல் வெளியிட்ட முடிவு இது: மெத்திலீன் குளோரைடைச் சுவாசித்தவர்களின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தது. ஆவியில் இல்லாத கார்பன் மோனாக்சைடு எங்கிருந்து வந்தது? உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கொழுப்பில் தங்கிய திரவம் மெல்ல மெல்ல வெளிவர, ஈரல் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். வேலையை முடித்து, கைகால் கழுவி, சாப்பிட உட்கார்ந்த பிறகும் தயாரிப்பு நிற்பதில்லை. இதே ஸ்டூவர்ட் 1976இல் ஒரு பணி ஓய்வு பெற்றவரைப் பற்றி எழுதினார். நிலவறையில் மரச்சாமான் பெயின்டை உரிப்பார், மாரடைப்பு வரும், தேறுவார், மறுபடியும் உரிக்கப் போவார். மூன்றாவது மாரடைப்பில் இறந்துபோனார்.

இதைவிட வேகமான சாவும் உண்டு. ஆவியின் கனம் காற்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு, பள்ளத்தில் தேங்கும். அமெரிக்காவில் 2000த்துக்கும் 2011க்கும் இடையில், குளியல் தொட்டிப் பூச்சை உரிக்கக் குனிந்த 13 பேர் இறந்ததாகக் கணக்கு. கதவைத் தரையில் படுக்கப் போட்டு, பக்கத்தில் குத்தவைத்து, இடுக்கைப் பார்க்க முகத்தைத் தாழ்த்துகிற நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். ஆவி தேங்குகிற உயரத்தில்தான் மூக்கு இருக்கிறது. வாசனை எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது. அமெரிக்கத் தொழிலிடங்களுக்கு 1997இல் விதித்த எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 25 பிபிஎம். அதைப் பல மடங்கு தாண்டிய பிறகே மூக்குக்கு எட்டும். துணி முகமூடி வெறும் அலங்காரம். ரப்பர் கையுறை, நீல நைட்ரைல் கையுறை இரண்டையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

எனவே எது வலுவான சரக்கு என்று கேட்பதற்கு முன்னால், வேலை செய்யும் இடத்தைப் பாருங்கள். ஃபிளாட், மூடிய ஷெட், மழைக்காகச் சாத்திய அறை என்றால் இந்த டின் வேண்டவே வேண்டாம். டின்னைத் திருப்பிப் பாருங்கள். மெத்திலீன் குளோரைடுக்குப் பதில் பென்சைல் ஆல்கஹால் என்று போட்டிருந்தால் என் ஓட்டு அதற்கே. அது 205 டிகிரியில் கொதிப்பது, ஆவியாக அவசரப்படாது. பெயின்டுக்குள் இறங்கவும் அவசரப்படாது. பல மணி நேரம், சில சமயம் ஓர் இரவு. பூசி, பாலிதீன் தாளால் மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். கண்ணில் படாமல், கையுறையோடு, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான். நூறு வருஷம் நின்ற கதவுக்கு ஒரு ராத்திரி அவசரம் என்ன?

மெத்திலீன் குளோரைடுதான் கிடைத்தது என்றால் திறந்த முற்றம், இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். இதய நோயுள்ளவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். எதுவானாலும் முதலில் கீல் பக்கத்து அடிமூலையில் உள்ளங்கை அகலம் பூசிப் பார்த்துவிடுங்கள்.

“சார், இந்தக் கதையெல்லாம் எதுக்கு? காஸ்டிக் சோடாவைக் கரைச்சு ஊத்துங்க, அரை மணியில உரிஞ்சிரும்” என்கிறார் ஆசாரி. உரியும், சந்தேகமில்லை. எண்ணெய்ப் பெயின்டின் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். தேக்கையும் கறுப்பாக்கிவிடும். அவருக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதத்தை இங்கே அடைக்க இடமில்லை. அடுத்த வாரம் காஸ்டிக் சோடா, பிறகு வினிகர், பித்தளைக் குமிழ்.