வயலுக்குப் போகும் வழி

கல்முனைக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்களுக்கு உழவர் துவிச்சக்கர வண்டியில் போகும் வழி வாய்க்கால் கரையும் மண்பாதையுமே. ஒக்டோபரில் தொடங்கும் மாரி மழை அவற்றை அரித்துவிடும். இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் திரும்பும் குடும்பத்துக்கோ, வயல் கிடைத்தாலும் வழியைப் பற்றை மூடியிருக்கும். வழியில்லாவிட்டால் உரமும் போகாது, நெல்லும் வராது.

இதற்குச் சிரமதானம் நம் நாட்டில் பழகிய முறை. 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவரைக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சர்வோதயம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

அமெரிக்காவிலே மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவோர் 1988இல் சங்கம் அமைத்தனர். தொண்டர்களே மண்வெட்டியுடன் சென்று பாதை திருத்துகிறார்கள். விளையாட்டுக்காகத்தான்! ஆயினும் அவர்களது அனுபவம் நமக்கும் உதவும். சக்கரத்தைவிடப் பாதையை அதிகம் கெடுப்பது அதன் நெடுகிலும் ஓடும் தண்ணீர். ஆகவே ஒரு பக்கம் சற்றே சரிய மண் இட்டு, மழைநீரைக் குறுக்காக வெளியேற்றிவிடுகிறார்கள்.

நாமும் அவ்வாறு செய்யலாம். ஆனால் வாய்க்கால் கரையை வெட்டித் தாழ்த்தலாகாது. நீர்ப்பாசன அலுவலரைக் கேட்டுக்கொண்டு மண் இட்டே சரிவு அமைக்க வேண்டும். போர் நடந்த இடமாயின், கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று அதிகாரிகள் உறுதி சொல்லும்வரை பற்றைக்குள் மண்வெட்டி வைக்க வேண்டாம். மற்ற இடங்களில் செப்டெம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.