பிள்ளைகளோடு உலாவுதலும் படம் பிடித்தலும்

பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடியவற்றுள் மிக அரியது தமது நேரமும் கவனமுமே என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஆயினும், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கோ ஆற்றங்கரைக்கோ சென்று திரும்புவோருள் அநேகர், உடலால் உடன் செல்கின்றனரேயன்றி உள்ளத்தால் உடன் செல்வதில்லை. பிள்ளையின் கண் ஒன்றை நோக்க, தந்தையின் கருத்து வேறொன்றில் உழல்கின்றது. இவ்விருவர் பார்வையையும் ஒரே பொருளின்மேல் கூட்டுவிக்க வல்ல எளிய சாதனமொன்று இந்நாளில் பெரும்பாலோர் சட்டைப்பையில் இருக்கின்றது. கைபேசியோடு சேர்ந்த காமிராவே அது. அதனை எவ்வாறு கையாண்டால் பெற்றோரும் பிள்ளைகளும் நெருங்குவர், எவ்வாறு கையாண்டால் விலகுவர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வழக்கமாக நாம் செய்வது யாது? பூங்காவை அடைந்ததும் பிள்ளையை ஓரிடத்தில் நிறுத்தி, "நேராக நில், இங்கே பார், சிரி" என்று கட்டளையிடுகிறோம். பிள்ளை அதுகாறும் உற்று நோக்கிக்கொண்டிருந்த எறும்புச் சாரியை விட்டுத் திரும்பி, வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு நிற்கின்றது. இவ்விதம் பத்தாண்டுகள் எடுத்த படங்களைச் சேர்த்து வைத்தால் பிள்ளையின் முகம் ஆயிரம் முறை காணப்படும்; அப்பிள்ளை எதைக் கண்டு வியந்தது என்பது ஓரிடத்திலேனும் காணப்படாது. தன்னை எல்லோரும் பார்க்கின்றனர், தான் பார்ப்பதை எவரும் கேட்பதில்லை என்று உணரும் பிள்ளை, நாளடைவில் சொல்லுவதையே நிறுத்திவிடும். இதற்கு மாற்று யாதெனில், காமிராவைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுதலாம்.

இது புதிய கருத்தன்று. ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கர் 1888-இல் 'கோடக்' என்னும் காமிராவை வெளியிட்டார். அவருடைய கம்பெனியார் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் 'பிரௌனி' என்ற மற்றொன்றைச் சிறுவர்களை எண்ணியே விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அக்காலத்துச் சிறுவர் கதைகளில் வந்த குட்டித் தேவதைகளின் பெயரே அதற்கு இடப்பட்டது. கெட்டி அட்டையாலான சிறு பெட்டி. விலை ஒரு டாலர். முதலாண்டிலேயே ஒரு லட்சத்திற்கு மேற்பட்டவை விற்றன. அதில் இடும் பிலிம் சுருளில் ஆறு படங்களே எடுக்கலாம். ஆறுதான் உண்டு என்ற நிலையில், எதை எடுப்பது, எதை விடுவது என்று பிள்ளை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இன்றோ எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆதலின் பார்வையும் மேலோட்டமாய்ப் போய்விடுகின்றது. ஆகவே, ஒருமுறை வெளியே சென்றால் ஆறு படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று தந்தையும் பிள்ளையும் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுதல் நலம். பழைய குறைபாடு இன்று நல்ல ஒழுங்காகப் பயன்படும்.

நிதானமாகப் பார்ப்பதால் விளையும் நன்மைக்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் பேர்பீல்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த லிண்டா ஹெங்கல் என்ற உளநூலறிஞர், மாணவர்களை ஒரு கலைக் காட்சிசாலைக்கு அழைத்துச் சென்று, சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் செய்தார். மறுநாள் சோதித்தபோது, படமெடுத்தவற்றைக் காட்டிலும் பார்த்தவையே அவர்கள் நினைவில் நன்கு நின்றன. ஆனால், ஒரு பொருளின் ஏதேனும் ஒரு சிறு பகுதியை மாத்திரம் அணுகிப் படமெடுத்தவர்களுக்கு இந்த மறதி உண்டாகவில்லை. இம்முடிவு 2014-இல் வெளியாயிற்று. கோயிற் கோபுரம் முழுவதையும் எடுக்க முயல்வதைவிட, அதன் நிழலில் உறங்கும் ஒரு புறாவை எடுக்கச் சொல்வதே மேல் என்பது இதனால் நாம் அறியத்தக்கது.

நிற்க. செய்யும் முறையைச் சொல்வோம். ஐந்து வயதுப் பிள்ளையின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் இருக்கின்றது. அவ்வுயரத்திற்கு நாம் குனிந்தோ மண்டியிட்டோ பார்த்தாலன்றி அதன் உலகம் நமக்குப் புலப்படாது. சந்தையில் நாம் கத்தரிக்காயின் விலையைக் காண்கிறோம். பிள்ளை தராசுத் தட்டின் அடிப்பாகத்தையும், வண்டியின் கீழ்ப் படுத்திருக்கும் நாயையும் காண்கின்றது. "அப்பா, இதைப் பாருங்கள்" என்று அது அழைக்கும்போது குனிந்து பார்த்தலே இக்கலையின் முதற்பாடம். படம் ஆடிப்போயிருந்தாலும், தலை அறுபட்டிருந்தாலும் திருத்தப் புகுதல் கூடாது. கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: "இதை ஏன் எடுத்தாய்?"

அன்று மாலை அப்படங்களை வைத்துக்கொண்டு அளவளாவுதல் இரண்டாம் பாடம். இலேன் ரீஸ், கேத்தரின் ஹேடன், ராபின் ஃபிவுஷ் என்ற மூவர், தாய்மார் தம் சிறு பிள்ளைகளோடு கடந்த நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும் முறையைத் தொடர்ந்து கவனித்து, 1993-இல் தம் முடிவை வெளியிட்டனர். விவரித்து வினவிப் பேசும் தாயரின் பிள்ளைகள், பிற்காலத்தில் கடந்தவற்றை மிகுதியாக நினைவுகூர்ந்தனர் என்று கண்டனர். படம் அத்தகைய பேச்சுக்கு ஒரு பிடிகொம்பு.

இம்முறையின் பயனுக்கு ஒரு சான்று கூறுவோம். பிரான்சு தேசத்தில் 1894-இல் பிறந்த ஷாக் ஆன்ரி லார்த்தீக் என்பவருக்கு, புகைப்படத்தில் ஈடுபாடுள்ள அவர் தந்தையார் 1902-இல் ஒரு காமிராவை அளித்தார். அச்சிறுவர் உறவினர் படியிலிருந்து தாவுவதையும், தமையன் செய்த பறக்கும் பொறிகளையும் எடுத்தார்; 1905-இல் தம் அறையில் விளையாட்டு மோட்டார் வண்டிகளைத் தரையோடு தரையாகக் காமிராவை வைத்து எடுத்தார். தந்தை சொல்லிக் கொடுத்தது கருவியை. பார்த்தது மகனின் கண். அப்படங்கள் 1963-இல் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலையில் வைக்கப்பட்டபோது உலகம் வியந்தது. எல்லாப் பிள்ளைகளும் அத்தகைய புகழ் பெறார். பெற வேண்டுவதும் இல்லை. தன் பார்வைக்குத் தந்தை மதிப்புக் கொடுத்தார் என்ற நினைவே ஒரு பிள்ளைக்குப் போதிய செல்வம்.

இறுதியாக மூன்று எச்சரிக்கைகள். பிறரைப் படமெடுக்குமுன் அவர்தம் அனுமதி கேட்கும் வழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்பித்தல் வேண்டும். பிள்ளை "என்னை எடுக்க வேண்டாம்" என்று சொன்னால் அச்சொல்லை நாமும் மதித்தல் வேண்டும். அதன் படத்தை ஊரார் காணப் பரப்புதல் முறையன்று. மழையில் நனையும்போதும், விழுந்து அழும்போதும் பிள்ளை தேடுவது காமிராவையன்று, நம் கையை. அவ்வேளையில் கருவி பைக்குள் இருத்தல் வேண்டும்.

பிள்ளைப் பருவம் விரைந்து கழிவது. பிள்ளை "இதைப் பாருங்கள்" என்று நம்மை அழைக்கும் ஆண்டுகள் சிலவே. அவ்வழைப்புக்குச் செவிசாய்க்கும் பெற்றோரிடத்தில், வளர்ந்த பின்னும் அது தன் மனத்தைத் திறந்து பேசும். அடுத்த முறை கடைத்தெருவுக்குச் செல்லும்போது ஆறே படங்கள் என்ற நிபந்தனையோடு காமிராவைச் சிறு கையில் ஒப்படைப்போமாக.