பலாப்பிஞ்சு கருத்துக் கொட்டுதா? மயில்துத்தம் அடிக்கும் முன் இதைக் கவனிங்க!

நெய்வேலி டவுன்ஷிப்பில் பலா மரமே இல்லாத குவார்ட்டர்ஸ் தெருவைத் தேடித்தான் பார்க்கணும். பிப்ரவரி, மார்ச் வந்தால் மரத்தடியில் கருப்புப் பூசணம் பிடித்த குட்டிக் காய்கள் கொட்டிக் கிடக்கும். பதறிப்போய் உரக்கடைக்கு ஓடி, ஏதாவது ஒரு காப்பர் மருந்து வாங்கி வந்து அடிப்பது பலரின் வழக்கம். பலாவுக்கு மட்டுமில்லை, எலுமிச்சை, தென்னை, தக்காளி என எதில் புள்ளி விழுந்தாலும் இதே வைத்தியம்தான். உண்மையில் இந்த மருந்து எதைத் தடுக்கும்? எவ்வளவு அடிக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

கொட்டுவது பிஞ்சா, ஆண் பூவா?

முதலில் கீழே கிடப்பதைக் கையில் எடுத்துப் பாருங்க. பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். ஆண் பூங்கொத்து ஒல்லியாக, மெல்லிய காம்போடு இருக்கும். பெரும்பாலும் கிளைகளின் நுனிப் பக்கம் வரும். மகரந்தம் கொட்டி முடிந்ததும் அதன் வேலை முடிந்தது. பூசணம் பிடித்துக் கருத்து, தானாக உதிர்ந்துவிடும். இது இயற்கை. மருந்தடித்து நிறுத்தவும் முடியாது, நிறுத்தத் தேவையும் இல்லை.

பெண் பூவுக்குக் காம்பு தடிமன். காம்பு முடியும் இடத்தில் மோதிரம் போல ஒரு வளையம் தெரியும். அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்ப்பது இதுதான். இது மெத்தென்று அழுகி, கருப்பு மாவு பூத்து விழுந்தால்தான் பிரச்சினை. ரைசோபஸ் என்ற பூஞ்சையால் வரும் அழுகல் நோய் அது. இதற்குத்தான் ஒரு சதவீத போர்டோ கலவை அல்லது 0.25 சதவீத காப்பர் ஆக்சிகுளோரைடு பரிந்துரைக்கப்படுகிறது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, அழுகிய காய்களைப் பொறுக்கி எடுத்து ஆழமாகப் புதைப்பது. அவை மரத்தடியிலேயே கிடந்தால் அடுத்த பிஞ்சுக்கும் நோய் அங்கிருந்துதான் ஏறும்.

திராட்சைத் திருடர்களால் கிடைத்த மருந்து

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். மயில் கழுத்தின் நீலம் என்பதால் இந்தப் பெயர். சித்த மருத்துவத்தில் துருசு என்பதும் இதைத்தான். பிரான்சின் போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்க, விவசாயிகள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடியில் தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை 1882-ல் கவனித்தார் பேராசிரியர் மில்லார்டே. ஆய்வு செய்து 1885-ல் வெளியிட்டார். ஊர்ப் பெயரே மருந்துக்கும் நிலைத்துவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தாமிரம் இலையின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு, புதிதாக வந்து விழும் பூஞ்சை விதைகளைக் கொல்லும். இலைக்குள் ஏற்கெனவே நுழைந்த நோயை அது தொடாது. இருக்கும் புள்ளி மறையவும் மறையாது. "நேத்து அடிச்சேன், புள்ளி அப்படியே இருக்கே" என்று டோஸைக் கூட்டினால் இலைதான் கருகும்.

எதுக்கு அடிச்சா வேஸ்ட்?

குவார்ட்டர்ஸ் தென்னையில் ஓலை கரி பூசியது போல இருந்தால் பூஞ்சை நோய் என்று நினைக்க வேணாம். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டு மாநிலம் முழுக்கப் பரவிய சுருள் வெள்ளை ஈயின் வேலையாக இருக்கலாம். ஈ கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் வளர்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா பசை கரைத்துத் தெளித்தால், காய்ந்ததும் கரி உரிந்து விழும். தாமிரம் இங்கே தேவையே இல்லை.

தக்காளி இலைச்சுருட்டை வைரஸ். செம்பருத்தியில் வெள்ளையாக இருப்பது மாவுப்பூச்சி. இரண்டுக்கும் இது உதவாது. எலுமிச்சையில் வரும் சொறி நோய்க்கு உதவும். அங்கேயும் சொறி பிடித்த கிளையை வெட்டிவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அடிக்கணும்.

ஒரு மரத்துக்கு எவ்வளவு தாமிரம்?

பூச்சிமருந்துகள் பல நாளடைவில் சிதைந்துவிடும். தாமிரம் உலோகம், சிதையாது. மழையில் கழுவி இறங்கி மரத்தடி மண்ணில் தங்கிவிடும். மண்புழுவுக்கு ஆகாது. குளத்தில் கலந்தால் மீனுக்கு விஷம். நெய்வேலி வட்டாரத்துச் செம்மண் அமிலத்தன்மை உடையது. அப்படிப்பட்ட மண்ணில் தாமிரம் எளிதாகக் கரைந்து வேரையும் தாக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ தாமிரம்தான் உச்சவரம்பு. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.4 கிராம். இப்போ நம்ம பலா மரத்தைக் கணக்குப் போடலாம். 10 லிட்டர் போர்டோ கலவையில் மயில்துத்தம் 100 கிராம், அதில் தாமிரம் சுமார் 25 கிராம். மரத்தின் நிழல் 6 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 28 சதுர மீட்டர். ஒரே தடவை அடித்தாலே சதுர மீட்டருக்கு 0.9 கிராம் வந்துவிடுகிறது. மூன்று தடவை அடித்தால் அங்கே 7 ஆண்டுக்கு அனுமதித்த அளவு கிட்டத்தட்ட தீர்ந்துபோகும்! காப்பர் ஆக்சிகுளோரைடு (50 சதவீதத் தூள்) லிட்டருக்கு 2.5 கிராம் கலந்தால் தாமிரம் இதில் பாதிதான். வீட்டு மரத்துக்கு இதுவே மேல். 15 நாள் இடைவெளியில் மூன்று முறை என்ற பரிந்துரையை, நோய் உறுதியான மரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

போர்டோ கலவை கலப்பது எப்படி?

100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைக்கணும். பிளாஸ்டிக் வாளி மட்டும். இரும்பு, தகரம் கூடாது. சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்க. பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கணும்.

பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் அதில் முக்கி எடுங்க. செம்பு நிறம் படிந்தால் தாமிரம் மிஞ்சி நிற்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும். கலந்த அன்றே தீர்த்துவிடணும்.

காற்றில்லாத, மழை வராத நாளில் காலையில் அடிப்பது நல்லது. ஈர இலையில் வேண்டாம். கீரை, கறிவேப்பிலைப் பக்கம் சாரல் போகக் கூடாது. பக்கத்து வீட்டுக் கிணறு, துணிக்கொடி, மீன் தொட்டி எல்லாம் பாருங்க. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டாதீங்க. எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பது பாக்கெட்டிலேயே இருக்கும்.

மாஸ்க் எதுக்கு?

1969-ல் போர்ச்சுகல் மருத்துவர்கள், வருடக்கணக்கில் போர்டோ கலவை தெளித்த திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் நுரையீரலில் தாமிரம் படிந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். பலாவுக்கு அண்ணாந்து பார்த்து அடிக்கும்போது சாரல் முகத்தில்தான் விழும்.

மயில்துத்தம் பார்க்கக் கற்கண்டு போல நீலமாக மின்னும். குழந்தைகள் வாயில் போட்டுவிடும் ஆபத்து நிஜம். கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ சமையலறை டப்பாவிலோ வைக்கவே கூடாது. விழுங்கினால் நீலப்பச்சையாக வாந்தி வரலாம். ரத்த அணுக்களும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-ஐ அழைத்து, மருந்து பாக்கெட்டையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்க. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்கணும்.

என்ன நோய் என்று தெரியாவிட்டால், பாதிக்கப்பட்ட இலையையோ காயையோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம். போனில் கேட்க கிசான் கால் சென்டர் இருக்கிறது: 1800-180-1551, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.