குச்சிப்பூச்சி ஏன் ஆடுகிறது?

பறவையின் கூரிய கண்ணை ஏமாற்ற உருவம் மட்டும் போதாது. அசைவும் ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் குச்சிப்பூச்சி பகலில் கால்களை நீட்டி விறைத்துக் கிடக்கிறது. காற்றடித்தால் கிளையோடு சேர்ந்து ஆடுகிறது. இலை தின்பது இரவில்தான்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலிருந்து உலக ஆய்வகங்களுக்குப் போன குச்சிப்பூச்சி இனத்துக்கு 1901இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அதில் பழுப்புநிறப் பூச்சிகள், தோல் செல்களிலுள்ள நிறமித் துகள்களை நகர்த்தி இரவில் கருக்கும், பகலில் வெளிறும். ஆண் சேராமலே பெண் முட்டையிடும். முட்டையும் விதை போலவே இருக்கும்.

செடி இருந்தால்தான் இந்த வேடம் பலிக்கும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகம், நன்மங்கலம் காப்புக்காடு போன்ற புதர்க்காடுகளே தென்சென்னைப் புறநகரில் ஒளிந்து வாழும் பூச்சிகளுக்கு எஞ்சிய புகலிடம். அங்கே புதரை ஒடிக்காதீர்கள், குப்பை கொட்டாதீர்கள்.