முத்துச் சல்லடையும் கணிப்பொறிச் சில்லும்

குறைந்த செலவில் விளையாட்டுக் கணிப்பொறி அமைப்பது எப்படி?

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரைக்கு வந்த முத்துகளை முதலில் சல்லடைகளில் சலிப்பார்கள். பித்தளையாலான பத்துச் சல்லடைகள் உண்டு. முதல் சல்லடையில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100 என்று துளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், கடைசிச் சல்லடையில் 1000 துளைகள் இருக்கும். துளைகள் கூடக் கூட அவற்றின் அளவு சிறுக்கும். எந்தச் சல்லடையில் முத்து தங்கியது, அதன் உருட்சியும் ஒளியும் எப்படி என்று பார்த்தே விலை வைப்பார்கள். எல்லாம் ஒரே பாரில் எடுத்த சிப்பிகள்தாம். ஆனால் ஆணிமுத்து சிலவே. மற்றவை தரத்திற்கு ஏற்ற விலைக்குப் போகும். தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் நடந்தது.

முத்துக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? தொடர்பு உண்டு. அதை அறிந்துகொண்டால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகன், பொறியியல் முதலாண்டு படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறைகளில் வேலை செய்து சேர்த்ததும் வீட்டில் கொடுத்ததுமாக அவன் கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. படிப்புக்கும் உதவவேண்டும், நல்ல விளையாட்டுகளும் ஓடவேண்டும். அப்படி ஒரு கணிப்பொறியை உதிரிப் பாகங்களாக வாங்கித் தானே பூட்ட விரும்புகிறான். தவறான பொருளை வாங்கிவிட்டால் மறுபடி வாங்கப் பணம் இல்லை. அவன் எதை, எந்த வரிசையில் தேர்ந்தெடுக்க வேண்டும்?

திரையிலிருந்து தொடங்குங்கள்

பலர் பிராசஸரிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் கணிப்பொறிக்கு எவ்வளவு வேலை என்பதைத் தீர்மானிப்பது மானிட்டர்தான். சாதாரண மானிட்டரின் திரையில் கிடையாக 1920, நெடுக்காக 1080 படப்புள்ளிகள் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 20,73,600. அசைவு சீராகத் தெரிய விநாடிக்கு 60 படங்கள் வேண்டும். அதாவது, ஒவ்வொரு விநாடியும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட்டாக வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி மட்டுமே!

2560 × 1440 திரையானால் இந்த வேலை ஏறத்தாழ 1.8 மடங்காகும். 3840 × 2160 திரையானால் நான்கு மடங்கு. முதல் கணிப்பொறிக்கு 1920 × 1080 திரையே போதும். இந்த ஒரு முடிவிலேயே செலவு வெகுவாகக் குறைந்துவிடும்.

கணக்கப்பிள்ளையும் தொழிலாளர்களும்

படத்தை உருவாக்கும் வேலையை இரண்டு பாகங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவது, எதில் உப்பு வாருவது என்று முடிவு செய்பவர் கணக்கப்பிள்ளை. பாத்தியில் இறங்கி ஒரே வேலையைப் பலராகச் செய்பவர்கள் தொழிலாளர்கள். பிராசஸர் கணக்கப்பிள்ளையைப் போன்றது. எதிரி எங்கே நிற்கிறான், பந்து எங்கே மோதும் என்று முடிவு செய்வது அது. அதில் நான்கு, ஆறு, எட்டு என்று சில ‘கோர்’களே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் திறமையானது. கிராஃபிக்ஸ் கார்டில் இருப்பவையோ ஆயிரக்கணக்கான எளிய கணக்கிடும் அலகுகள். இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது அவற்றின் வேலை.

இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பிராசஸர் விநாடிக்கு 90 படங்களுக்கான ஆணைகளைத் தயாரித்தாலும், கார்டு 60 படங்களைத்தான் வரைய முடியுமானால், நமக்குக் கிடைப்பது 60. தோணியில் இருப்பவர் கயிற்றை எவ்வளவு விரைவாக இழுத்தாலும், கீழே குளிப்பவர் சிப்பி சேர்த்தால்தானே கூடை நிறையும்? ஆகவே ஒன்றை மட்டும் மிக உயர்ந்ததாக வாங்குவது வீண் செலவு.

விளையாட்டைப் பொறுத்தும் இந்தச் சமநிலை மாறும். ‘வேலரன்ட்’ போன்ற போட்டி விளையாட்டுகள் கார்டுக்கு அதிகச் சுமை தருவதில்லை. பிராசஸரின் வேகமே அவற்றில் முக்கியம். ‘சைபர்பங்க் 2077’ போன்ற விரிவான காட்சிகள் கொண்ட விளையாட்டுகளில் கார்டே திணறும். எந்தப் பாகம் தடையாக நிற்கிறது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. விளையாட்டில் திரைத் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். படங்களின் எண்ணிக்கை கூடினால் தடையாக இருந்தது கார்டு. கூடாவிட்டால் தடை பெரும்பாலும் பிராசஸர்.

இனி, சல்லடைக்கு வருவோம்

சிலிக்கான் தகடு ஒன்றின் விட்டம் 300 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒரே சமயத்தில் உருவாகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை விழுந்தாலும் சில்லின் ஒரு பகுதி வேலை செய்யாது. அதற்காக முழுச் சில்லையும் எறிந்துவிட முடியுமா? சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். பழுதான பகுதியை அணைத்துவிட்டு, மீதியைக் குறைந்த விலைக்கு வேறு பெயரில் விற்கிறார்கள். கீழ்த்தரப் பொருளுக்குத் தேவை மிகுதியானால், நல்ல பகுதியையே அணைத்து விற்பதும் உண்டு.

2022-ல் வெளிவந்த ஏ.எம்.டி. நிறுவனத்தின் ‘ரைசன் 5 5600’ பிராசஸரை எடுத்துக்கொள்வோம். அதன் சில்லில் எட்டு கோர்கள் உருவாக்கப்பட்டுள்ளன, இயங்குபவை ஆறு. 2021-ல் வந்த ‘ரேடியான் ஆர்.எக்ஸ். 6600’ கார்டிலும் இதே கதைதான். முழுச் சில்லில் 2048 கணக்கிடும் அலகுகள். இந்தக் கார்டில் இயங்குபவை 1792. இவை பழுதான பொருள்கள் அல்ல. இயங்கும் பகுதி முழுவதும் சோதித்து உறுதி செய்யப்பட்டது. இரண்டாம் சல்லடையில் தங்கிய முத்துகள் இவை. செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பயன் கிடைப்பது பெரும்பாலும் இந்த நடுத்தரத்தில்தான். உச்சியில் உள்ள பொருளுக்கு, கடைசிப் பத்து சதவீத வேகத்துக்காக மிக அதிக விலை கொடுக்க நேரிடும்.

பெயரின் இறுதி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் (உதாரணமாக ஐ3-12100எஃப்) அதனுள் படம் காட்டும் பகுதி இயங்காது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது! மேலே சொன்ன ரைசன் 5 5600-க்கும் இது பொருந்தும். ‘5600ஜி’ என்பதில் படம் காட்டும் பகுதி உள்ளேயே உண்டு.

அறுபதாயிரத்தைப் பங்கிடுவது

மானிட்டரும் விசைப்பலகையும் ஏற்கனவே இருப்பதாகக் கொண்டால், நூறு பங்கில் இப்படித் தொடங்கலாம்: கிராஃபிக்ஸ் கார்டு 36, பிராசஸர் 18, மதர்போர்டு 13, ராம் 12, எஸ்.எஸ்.டி. 9, எஸ்.எம்.பி.எஸ். 7, கேபினட் 5. இது தொடக்கக் கணக்குதான். சந்தை விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். 2025-ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை பெருகியதால் ராம் விலை கடுமையாக ஏறியது. அத்தகைய சமயத்தில் ராமின் பங்கு 12-லிருந்து 20-க்கும் மேல் போகலாம். அப்போது எங்கே குறைப்பது?

எஸ்.எம்.பி.எஸ்.-ஸில் குறைக்கக் கூடாது. காரணத்தைப் பின்னர் காண்போம். ஒரு வழி, இரண்டு தவணையாக அமைப்பது. முதலில் ‘5600ஜி’ போன்ற பிராசஸரை வாங்கினால் படிப்புக்கும் எளிய விளையாட்டுகளுக்கும் கார்டு இல்லாமலே போதும். பணம் சேர்ந்தபின் கார்டைப் பூட்டிக்கொள்ளலாம். உள்ளிருக்கும் படப்பகுதி ராமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துவதால், இந்த ஏற்பாட்டில் ராமின் வேகம் மிக முக்கியம்.

ராமை ஒரே 16 ஜி.பி. துண்டாக வாங்காமல், இரண்டு 8 ஜி.பி. துண்டுகளாக வாங்குவது நல்லது. டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒரு பாதை விநாடிக்கு 25.6 ஜி.பி. தரவைக் கடத்தும். இரு துண்டுகளை உரிய இடங்களில் செருகினால் இரு பாதைகள் திறந்து 51.2 ஜி.பி. ஆகும்.

மதர்போர்டைப் பொறுத்தவரை பொருத்தமே முதல் கேள்வி. 2016-ல் வந்த ஏ.எம்.4 பொருத்தியில் டி.டி.ஆர்.4 ராம், 2022-ல் வந்த ஏ.எம்.5 பொருத்தியில் டி.டி.ஆர்.5 ராம். ஒன்றின் ராம் மற்றொன்றில் நுழையாது. ஏ.எம்.4 தன் வளர்ச்சியின் முடிவுக்கு வந்துவிட்டது. நான்காண்டுகள் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்ற நினைப்பவர் ஏ.எம்.5-ஐ எண்ணிப் பார்க்கலாம்.

சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி.-யே வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில், தேடிய இடம் முனைக்கு அடியில் வரவே சராசரியாக 4 மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.-யில் சுழலும் பாகமே இல்லை.

ஏன் எஸ்.எம்.பி.எஸ்.-ஸில் சிக்கனம் கூடாது?

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். மற்ற எல்லாப் பாகங்களும் இதிலிருந்தே உயிர் பெறுகின்றன. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூடவே கொண்டுபோகலாம். மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உள்ளதையே வாங்குங்கள்.

அளவைக் கணக்கிடுவோம். 5600 பிராசஸருக்கு 65 வாட், 6600 கார்டுக்கு 132 வாட் என்று குறிக்கப்பட்டுள்ளது. மற்றவற்றுக்கு 60 வாட் சேர்த்தால் 257 வாட். திடீர்த் தேவைக்கும் எதிர்கால மாற்றத்துக்கும் இடம்விட்டு, 450 அல்லது 500 வாட் போதும். 750 வாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. யு.பி.எஸ். வாங்கும்போது ‘600 வி.ஏ.’ என்பதை 600 வாட் என்று எண்ணிவிடாதீர்கள். அத்தகைய பலவற்றில் உண்மையான அளவு 360 வாட்தான்.

கடற்காற்றுக்கு ஒரு பாடம்

தூத்துக்குடிக் காற்றில் உப்புத்துகள் உண்டு. காய்ந்த உப்பு அதிகத் தீங்கு செய்யாது. ஆனால் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும்.

கணிப்பொறி ஓடும்போது என்ன நடக்கிறது? 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, கேபினட்டுக்குள் 40 டிகிரிக்குச் சூடேறினால், ஈரப்பதம் ஏறத்தாழ 46 சதவீதமாகக் குறைகிறது. உப்பு காய்ந்தே இருக்கும். ஆக, கடற்கரை ஊரில் கணிப்பொறிக்கு ஆபத்து அது ஓடும்போது அல்ல. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைந்து கிடக்கும்போதுதான்! நாள்தோறும் சிறிது நேரம் இயக்குங்கள். முன்பக்கத்தில் தூசி வடிகட்டி உள்ள கேபினட்டாகத் தேர்ந்தெடுங்கள். சன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

தரையிலும் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருவெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கணிப்பொறியை மேசை மீது வைப்பதற்குச் செலவே இல்லை.

வாங்கும்போது

உள்ளூர்க் கடை, சென்னை ரிச்சி தெரு, இணைய வணிகம் மூன்றிலும் விலை கேளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா என்று பாருங்கள். ரசீது இல்லாமல் மலிவாகத் தருகிறோம் என்றால் வேண்டாம். உத்தரவாதம் கேட்கும்போது ரசீதும் வரிசை எண்ணும்தான் பேசும். பழைய கார்டு வாங்குவதானால், அரைமணி நேரமாவது ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டு, வெப்பநிலையையும் விசிறியின் ஒலியையும் கவனித்தபின் பணம் கொடுங்கள்.

பொருள்களை விரித்துவைத்துப் பூட்டத் தொடங்குமுன், ஒரு உலோகப் பொருளைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம். முதல் முறை பொத்தானை அழுத்தித் திரையில் எழுத்துத் தோன்றும்போது, உங்களிடம் ஒரு விளையாட்டுக் கருவி மட்டும் இராது. அதன் ஒவ்வொரு உறுப்பும் என்ன செய்கிறது என்ற அறிவும் இருக்கும். பின்னொரு நாள் ஏதாவது பழுதானாலும் நீங்களே திறந்து பார்ப்பீர்கள்.

ஆணிமுத்தைத் தேடிக் கடன்பட வேண்டியதில்லை, மாணவர்களே! எந்தச் சல்லடையில் தங்கியது நமக்குப் போதும் என்று அறிந்தால் சரி.