பால் மரமும் பற்றுக் கணக்கும்

கடலூர் மாவட்டத்துக் குமராட்சி ஒன்றியத்தில் ரப்பர் தோட்டம் கிடையாது. போட்டாலும் பிழைக்காது. கொள்ளிடத்து வண்டல் களியில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். நெல்லுக்கு அது வாழ்வு, ரப்பருக்குச் சாவு. இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ரப்பர் மரம் கேட்பது 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை, அதுவும் ஆண்டு முழுக்கப் பரவலாக. தமிழ்நாட்டில் அப்படி இரண்டு பருவமழையும் நனைக்கும் மலையடிவாரம் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் போனால் வரிசை வரிசையாக நிற்கும் மரங்களையும், இடுப்புயரத்துக்கு மேலே கட்டிய கிண்ணங்களையும் பார்க்கலாம். அரசு ரப்பர் கழகமே அங்கே 1984 முதல் நடக்கிறது.

ஆனால் ரப்பர் கதையில் கொள்ளிடக் கரைக்கு இடம் உண்டு. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருச்சி, தென்னார்க்காடு, வடார்க்காடு, சேலம் ஆகிய பழைய மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள். குமராட்சி அன்றைய தென்னார்க்காட்டின் தென்கோடி. ஆற்றைத் தாண்டினால் தஞ்சாவூர் ஜில்லா. ரப்பர் மரமே இல்லாத ஊர்களிலிருந்து போனவர்கள், கடல் கடந்து வந்த ஒரு மரத்தை வெட்டினார்கள். அந்த மரத்தின் சொந்த ஊர் எப்படி இருந்தது என்பதைக் காட்ட ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பிரேசிலில், அமேசான் காட்டுக்குள், ஓர் ஓடைக்கரையில்.

மனௌஸ் நகரத்திலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. தாவி படகுத்துறையில் விசைப்படகு ஏறி, ரியோ நீக்ரோவின் கரிய தண்ணீரில் அரை மணி நேரம் போல் போக வேண்டும். தருமா மிரிம் என்ற கிளையாற்றுக்குள் திரும்பினால் காடு இரண்டு பக்கமும் நெருங்கிவரும். கரையில் ஒரு மரப்படித்துறை, அதற்கு மேலே முதலாளியின் பெரிய வீடு. இதுதான் விலா பராய்சோ செரிங்கால் அருங்காட்சியகம். செரிங்கால் என்றால் காட்டு ரப்பர் எடுக்கும் பண்ணை. மாநில அரசின் பண்பாட்டுத் துறை 2002 முதல் இதை நடத்திவருகிறது.

உண்மையில் இது ஒரு சினிமா செட். போர்ச்சுக்கலிலிருந்து சிறுவனாக வந்து, மதெய்ரா ஆற்றங்கரையில் பராய்சோ என்ற ரப்பர் பண்ணையில் வேலை பார்த்தவர் ஃபெரெய்ரா டி காஸ்ட்ரோ. அங்கே கண்டதையும் பட்டதையும் வைத்து 1930-இல் ‘காடு’ என்ற பொருள்படும் தலைப்பில் நாவல் எழுதினார். அதைப் படமாக்கியபோது போட்ட வீடுகளையும் குடிசைகளையும் பிரிக்காமல் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். செட்டுக்கு அருங்காட்சியகப் பட்டமா என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் நிஜத் தொழிலாளி குடியிருந்தது பனையோலைக் கூரை. அமேசான் மழையில் அது சில ஆண்டுகளில் மக்கிப் போகும். எஞ்சி நிற்பதெல்லாம் மனௌஸ் நகரத்து மாளிகைகளும், ரப்பர் பணத்தில் கட்டி 1896-இல் திறந்த ஓபரா அரங்கமும்தான். பணக்காரன் வீடு கல்லில் நிற்கிறது, ஏழையின் வீட்டைச் செட் போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வகையில் செட்டே மேல்.

உள்ளே முதலாளி வீட்டில் சீமைச் சாமான்கள். பக்கத்தில் ஒரு சிறு தேவாலயம். கொஞ்சம் தள்ளிப் பண்டகசாலை. இந்தக் காட்சியகத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இந்தப் பண்டகசாலைதான். மரவள்ளி மாவு, உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, மண்ணெண்ணெய், துப்பாக்கி மருந்து, கத்தி என்று தொழிலாளிக்குத் தேவையான எல்லாமும் இங்கே கடனுக்குத்தான். விலை வைப்பவரும் முதலாளி, எடுத்த ரப்பரை எடை போடுபவரும் முதலாளி, கணக்கு எழுதுவதும் அவர் ஆள். 1877-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் பிரேசிலின் வடகிழக்கிலிருந்து, குறிப்பாகச் சியரா மாநிலத்திலிருந்து, ஆயிரக்கணக்கானோர் இந்தக் காட்டுக்கு வந்தார்கள். படகுக் கூலியே முதல் பற்றாக ஏட்டில் ஏறிவிடும். வேலை தொடங்குவதற்கு முன்பே ஆள் கடனாளி. (நம் நாட்டிலும் அதே ஆண்டுகளில்தான் தாது வருஷப் பஞ்சம்.)

பெரு, கொலம்பியா எல்லையில் புட்டுமாயோ ஆற்றுப் பக்கம் இதைவிடக் கொடுமை நடந்தது. அங்கே பூர்வகுடிகளைச் சவுக்காலும் பட்டினியாலும் வதைத்து ரப்பர் எடுக்க வைத்ததை பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் 1910-இல் நேரில் போய் விசாரித்தார். 1912-இல் அவர் அறிக்கை லண்டனில் வெளியானதும் உலகமே அதிர்ந்தது.

பண்டகசாலைக்குப் பின்னால் காட்டுத்தடம். காட்டு ரப்பர் மரம் தோப்பாக வளராது. ஒரு ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு நின்றால் அதிகம். அதனால் தொழிலாளி தன் குடிசையில் தொடங்கி, நூறு முதல் இருநூறு மரங்களைத் தொட்டு, மறுபடி குடிசைக்கே வந்து சேரும்படி ஒரு வளையப் பாதை வெட்டிக்கொள்வார். விடியலுக்கு முன்னால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று போய் மரங்களைக் கொத்துவார். இரண்டாவது சுற்றில் பாலைச் சேகரிப்பார். பிற்பகலில் பனைக் கொட்டைகளை எரித்த புகையின் மேல் ஒரு கழியைச் சுழற்றி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். புகை பட்டதும் பால் உறையும். உறைந்ததன் மேல் இன்னொரு பூச்சு. இப்படிப் பூச்சின் மேல் பூச்சாக ஏறிப் பல கிலோ எடையுள்ள கருத்த உருண்டை ஆகும். அந்தப் புகைக் குடிசையும் காட்சியில் இருக்கிறது. நாள் முழுக்க அந்தப் புகையில் உட்கார்ந்தவர்களின் கண்ணும் நுரையீரலும் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இத்தனை பாடு ஏன்? மரத்தைத் தோப்பாக நட்டுவிட வேண்டியதுதானே? நட்டுப் பார்த்தார்கள். ஹென்றி ஃபோர்டு 1928-இல் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்டுலாண்டியா என்ற ஊரையே உருவாக்கி ரப்பர் நட்டார். மரங்கள் நெருங்கி வளர்ந்ததும் இலைக்கருகல் நோய்ப் பூசணம் மரத்துக்கு மரம் தாவி இலைகளைத் தின்று தீர்த்தது. 1945-இல் பெரும் நஷ்டத்தோடு அந்த நிலத்தைப் பிரேசில் அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் அந்தப் பூசணம் அவ்வளவு எளிதாகப் பரவுவதில்லை.

ஆசியாவுக்கு விதை வந்தபோது அந்த நோய் கூட வரவில்லை. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தப்பஜோஸ் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அதைத் திருட்டு என்று சொல்வது வழக்கம். ஆனால் விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் எதுவும் அப்போது பிரேசிலில் இல்லை. முளைத்தவை 3,000-கூட இல்லை. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அந்தக் காலத்து மரம் ஒன்று மலேசியாவின் கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது.

கன்று வந்ததும் தொழில் வந்துவிடவில்லை. வெட்டத் தெரிய வேண்டுமே. அமேசானில் சிறு கோடாலியால் கொத்துவார்கள். காயம் ஆழமாகி, மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு 1888-இல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லிதான் வேறு வழி கண்டார். போகிற இடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களின் சட்டைப்பையில் விதையைத் திணிப்பாராம். ‘கிறுக்கு ரிட்லி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புதிது புதிதாகக் கொத்த வேண்டாம், ஏற்கெனவே வெட்டிய கோட்டின் ஓரத்தையே மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பச் சீவினால் போதும், பால் கூடுதலாக வரும், மரமும் சாகாது என்று அவர் காட்டினார். நடுவில் ஒரு நேர்கோடு, அதில் வந்து சேரும் சாய்வுக் கோடுகள் என்று மீன்முள் வடிவில் வெட்டும் முறையை 1897-இல் கொண்டுவந்தார்.

இன்றைய பால்வெட்டின் அடிப்படை அதுதான், கோடு மட்டும் ஒன்றாகிவிட்டது. பால் ஓடுவது மரத்தின் உள்கட்டையில் அல்ல, பட்டையின் உட்புறத்தில் உள்ள நுண்குழாய்களில். அந்தக் குழாய்கள் செங்குத்தாகப் போகாமல் சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் வெட்டும் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகை சாய்வில் போகிறது. இந்தச் சாய்வில்தான் குழாய்கள் அதிகம் அறுபடும். ஒவ்வொரு வெட்டிலும் உளி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் போல. உளி ஆழம் போதாவிட்டால் பால் குழாய்கள் அறுபடாமல் தப்பிவிடும். கூடிப்போனால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளர்படலம் காயப்படும், அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது, அடுத்த சுற்றில் உளி வைக்கவே முடியாது. இந்த மில்லிமீட்டர் கணக்கை இருட்டில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில நொடிகள் என்ற வேகத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் கை தவறாமல் செய்பவர்தான் நல்ல வெட்டுக்காரர். இதைத் திறனற்ற கூலிவேலை என்று அரசாங்க ஏடுகள் எழுதிவைத்ததை எந்த வெட்டுக்காரரும் ஒப்பமாட்டார்.

விடியலில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைகள் நீரை இழப்பது குறைவு என்பதால் குழாய்களுக்குள் அழுத்தம் கூடியிருக்கும்; வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பால் குறையும். வடியும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே; மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். பாலை வடிகட்டி, நீர் விட்டு, ஃபார்மிக் அமிலம் சேர்த்துத் தட்டில் உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்தால் ஷீட். அதைப் புகையில் உலர்த்துவார்கள். கிண்ணத்திலும் வெட்டுக்கோட்டிலும் ஒட்டிக் காய்ந்ததைக் கன்னியாகுமரியில் ஒட்டுப்பால் என்பார்கள். அதற்குத் தனி விலை. கன்று நட்டு ஏழாண்டு போல் காத்திருந்தால்தான் முதல் வெட்டு. பிறகு 20, 25 ஆண்டுகள் மரம் பால் தரும்.

ரிட்லியின் முறையும் மோட்டார் காரும் ஒரே சமயத்தில் வந்தன. டயருக்கு ரப்பர் வேண்டும், மலாயாவில் காடழித்துத் தோட்டம் போட்டார்கள், ஆள் வேண்டும். கங்காணிகள் தங்கள் சொந்த ஊருக்கே வந்து உறவிலும் சாதியிலும் ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினார்கள். சேர்த்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தரகு. அந்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. முதலாளிகளிடம் வரி வசூலித்துக் கப்பல் செலவை ஏற்கும் குடியேற்ற நிதி 1907-இல் வந்த பிறகு பயணக் கடன் குறைந்தது. கங்காணியிடம் வாங்கிய முன்பணமும், கடைப் பற்றும், தோட்டத்துக் கள்ளுக்கடையும் குறையவில்லை. விலா பராய்சோவின் பண்டகசாலை ஏட்டைத் தமிழில் எழுதினால் அது மலாயாத் தோட்டக் கணக்கு. அந்த அருங்காட்சியகம் தமிழர்களுக்கு அந்நியமாகத் தெரியாததற்கு மரத்தைவிட இந்த ஏடே காரணம்.

1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை மிஞ்சியது. மனௌஸின் செல்வம் சில ஆண்டுகளில் வற்றியது. அந்த வீழ்ச்சியில் தென்னார்க்காட்டுக் கைகளுக்கும் பங்கு உண்டு. அந்தக் கைகளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. 1942, 43-இல் ஜப்பானியர் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு ஓட்டிப்போனார்கள். மலாயா விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினர். அப்போது, 1960-இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களை அவர்கள் பெயரிலேயே வாங்கவைத்தார். மலேசியாவில் பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது.

பிரேசிலுக்கு ஒரு ஃபெரெய்ரா டி காஸ்ட்ரோ என்றால், இந்தப் பக்கம் அகிலன் இருக்கிறார். மலேசியத் தோட்டத் தமிழர்களைப் பற்றி அவர் எழுதிய நாவல் ‘பால்மரக் காட்டினிலே’. இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயன் அறைகளையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். ஆள் அனுப்பிய ஊர்களின் பக்கமிருந்தும் அப்படியொன்று வர வேண்டும். அதற்குக் கட்டடத்தைவிட முதலில் வேண்டியது சாமான்கள். கொள்ளிடக் கரை வீடுகளின் பரணிலோ தகரப் பெட்டியிலோ மலாயாத் தபால்தலை ஒட்டிய கடிதம், மணியார்டர் சீட்டு, கப்பல் சீட்டு, மரத்தடியில் உளியோடு எடுத்த படம் என்று ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனமில்லையென்றால், படத்தின் பின்னால் பென்சிலால் பெயரையும் ஊரையும் தோட்டத்தின் பெயரையுமாவது எழுதிவையுங்கள்.